வெள்ளம் வரல்ல சாரே: குமரியில் குடிநீர் வேலை பார்த்தவர்களின் அனுபவங்கள்

மூவாற்றுமுகம்

நம் மாவட்டத்தில் குடிநீர்த் திட்டங்களில் வேலை பார்த்தவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு நடந்ததை இந்த இழையில் உங்கள் புனைபெயரிலேயே எழுதுங்கள். நானே தொடங்கி வைக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் திருச்சிப் பக்கம். ஒப்பந்ததாரரிடம் சைட் இன்ஜினியர். ஆற்றில் நீரெடுத்து, சுத்திகரித்து, மேற்கே உள்ள ஊர்களுக்கு அனுப்பும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அது. சுத்திகரிப்பு நிலையத்தை ஓட்டிக் காட்டி ஒப்படைப்பது என் பொறுப்பு. வந்து மூன்றாம் நாள் ஒரு பாட்டி போன் செய்தார். "மக்களே, இஞ்ச மூணு நாளா வெள்ளம் வரல்ல." எங்கள் ஊரில் வெள்ளம் என்றால் கொள்ளிடத்தில் கரை புரண்டு வருவது. "வரலையா, நல்லதுதானே பாட்டி" என்றேன். கொஞ்ச நேரம் எதிரில் சத்தமே இல்லை. அப்புறம் வாங்கியதை இங்கே எழுத முடியாது. விளவங்கோடு, கல்குளம் பக்கம் குடிக்கிற தண்ணீருக்கும் வெள்ளம் என்றுதான் பெயர் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்து முடித்த பிறகு சொன்னார்கள்.

காவிரிக்காரனாக நான் பட்ட பெரிய அடி ஜூன் மழையில்தான். அதுவரை ஆற்று நீரின் கலங்கல் 5, 6 என்.டி.யு. (கலங்கலை அளக்கும் அலகு) தாண்டவில்லை. ஒரு ராத்திரி மலையில் மழை கொட்டியது. காலையில் பார்த்தால் செம்மண் குழம்பு, 180. கலங்கலைத் திரட்டப் போடும் ஆலத்தை (படிகாரம்) லிட்டருக்கு 20 மில்லிகிராமிலிருந்து 60க்கு ஏற்றினேன். பஞ்சு பஞ்சாகத் திரண்டு அடியில் படிய வேண்டிய கலங்கல், டீயில் விட்ட பால் போல அப்படியே நின்றது. எல்லாம் வடிகட்டியில் போய் அடைத்தது. ஒரு நாளைக்கு ஒரு முறை பேக்வாஷ் (நீரை எதிர்த்திசையில் விட்டு வடிகட்டியைக் கழுவுவது) செய்த இடத்தில் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை. சுத்தம் செய்த நீரில் பாதியை வடிகட்டியைக் கழுவியே தீர்த்துவிடுவோம் போல இருந்தது.

ஆபரேட்டர் அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "ஆலம் மட்டும் போட்டா இந்த வெள்ளத்துக்கு நிக்காது சாரே. சுண்ணாம்பும் வேணும்." நான் கேட்கவில்லை. ஆலத்தை 70 ஆக்கினேன். இன்னும் மோசமானது.

மதியம் நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். பார்த்தேன். 5.6. அப்போதுதான் உறைத்தது. இந்த ஆறுகள் மலைக்காட்டிலிருந்து இறங்கி வருகிறவை. மழைநீர் பாறை மேல் ஓடி வருவதால் உப்பும் சுண்ணாம்பும் அதில் மிகக் குறைவு. ஒரு மில்லிகிராம் ஆலம் கிட்டத்தட்ட அரை மில்லிகிராம் காரத்தன்மையை, அதாவது அமிலத்தைத் தாங்கும் சக்தியை, தின்னும். 60 போட்டால் 30 வேண்டும். நீரில் இருந்ததே 20க்குள். காரம் தீர்ந்ததும் பி.எச். சரிந்தது, அலுமினியம் திரளாமல் கரைந்தே நின்றுவிட்டது. காவிரி நீரில் காரத்தன்மை தாராளம் என்பதால் எனக்கு இப்படி ஒரு சிக்கல் வந்ததே இல்லை.

அந்தக் காரத்தைச் சுண்ணாம்பு கொடுக்கும். எவ்வளவு வேண்டும் என்று பார்க்க ஜார் டெஸ்ட் வைத்தோம். ஆறு பீக்கர், எல்லாவற்றிலும் ஆலம் ஒரே அளவு, சுண்ணாம்பை மட்டும் படிப்படியாகக் கூட்டினோம். ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கி, இருபது நிமிடம் மெதுவாகச் சுற்றி, அரை மணி நேரம் படிய விட்டோம். நாலாவது பீக்கரில் மட்டும் மல்லிகைப் பூ உதிர்ந்தது போல அடியில் படிந்து, மேலே கண்ணாடியாகத் தெளிந்திருந்தது. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் டீ வாங்கப் போனார். சொல்லியிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லையாக இருந்திருக்கும்.

வால்வு சாவி

நான் பைப்லைன் ஆள். நம் மாவட்டத்தில் ரோடு என்றால் ஒன்று ஏற்றம், இல்லை இறக்கம். குழாயும் அப்படித்தான் போகும். புது லைனில் தண்ணீர் ஏற்றினோம். பம்ப் ஓடுகிறது, பிரஷர் கேஜ் முள் வழக்கத்துக்கு மேலே நிற்கிறது, கடைசித் தொட்டிக்கு மட்டும் நூல் போலத்தான் வருகிறது. லீக் என்று நினைத்து நாலு நாள் தோண்டினோம். ரோடு வெட்டிய இடத்தையே திரும்ப வெட்டினால் நெடுஞ்சாலைக்காரர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று சொல்ல வேண்டாம். (லீக் என்றால் முள் இறங்க வேண்டும், ஏறாது. அது அன்றைக்கு யார் புத்தியிலும் ஏறவில்லை.)

மேட்டில் காற்று அடைத்திருக்கிறது என்று ஐந்தாம் நாள்தான் தோன்றியது. வரைபடத்தில் அங்கே காற்றை வெளியேற்றும் ஏர் வால்வு உண்டு. நேரில் போனால் வெறும் தார் ரோடு. டீக்கடை அம்மாவன் ஒருவர் காலால் தட்டிக் காட்டினார்: "அந்த மூடி இஞ்சதான் கிடந்து. போன மாசம் தார் போட்டப்ப மூடிப்போட்டினும்." வெட்டிப் பார்த்தால் ஏர் வால்வு நன்றாகத்தான் இருந்தது, அதற்குக் கீழே உள்ள சின்ன வால்வை யாரோ அடைத்து வைத்திருந்தார்கள். திறந்ததும் சீறல். இருபது நிமிடத்துக்கு மேல் காற்றுதான் வந்தது. அடைத்தது எங்கள் ஆள்தான் என்று பிறகு தெரிந்தது, அதை அதிகாரிகளிடம் நாங்கள் சொல்லவில்லை.

மணக்குடிக்காரி

நான் இன்ஜினியர் இல்லை. கடற்கரை ஊர். மகளிர் குழுவிலிருந்து தண்ணீர் பரிசோதனைக்குப் பயிற்சி கொடுத்தார்கள்.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல் அடித்த நாளிலிருந்து கரன்ட் கம்பம் எல்லாம் சாய்ந்து கிடந்தது. ஆற்றில் தண்ணீர் நிறைய, தொட்டியில் ஒரு சொட்டு இல்லை. பம்ப் ஓட வேண்டுமே. கிணற்று நீரை வாயில் வைத்தால் உப்பு. லாரி வந்த அன்று குடத்தோடு நின்ற வரிசையில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீட்டுப் பெண்களும் நின்றார்கள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத வேண்டாம்.

சொல்ல வந்தது குளோரின் கதை. நீரில் குளோரின் இருந்தால் சோதனைக் குழாயில் மருந்துச் சொட்டு விட்டதும் மஞ்சள் ஆகும். தொட்டியடியில் விட்டால் நல்ல மஞ்சள் வரும். எங்கள் தெருக் கோடியில் விட்டால் நிறமே வராது. குழாய்முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது இருக்க வேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்கள். ஆபரேட்டரிடம் போய்ச் சொன்னேன். அவரும் பாவம். "கூட்டினா முதல் தெருவுல சாயாவுல பிளீச்சிங் நாறுதுன்னு சண்டைக்கு வாறாங்க, குறைச்சா நீங்க வாறீங்க. நான் என்ன செய்ய அக்கா?" அவர் அறையில் பிளீச்சிங் பவுடர் சாக்கு வாய் திறந்தே கிடந்தது. அதுவும் கடல்காற்றில். திறந்து கிடந்தால் வீரியம் போகும், அப்புறம் எத்தனை கரண்டி போட்டு என்ன? மூடி போட்ட டிரம் கேட்டு வாங்க மூன்று மாதம் ஆனது. பிறகு ஊரின் நடுவில் உள்ள சின்னத் தொட்டியிலும் கொஞ்சம் சேர்க்க ஆரம்பித்தார்கள். இப்போது கோடியிலும் லேசாக மஞ்சள் வருகிறது. முதல் தெருக்காரர்கள் இன்னும் சாயா நாறுகிறது என்றுதான் சொல்கிறார்கள்.

பம்ப் ரூம்

மூவாற்றுமுகம் சார், அந்த அண்ணன் நானில்லை, ஆனால் நானும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன். சுண்ணாம்பு போடச் சொல்வது சுலபம். கரைசல் போகிற குழாய் வாரம் ஒரு முறை கல்லாக அடைக்கும், அதைக் குத்தி எடுப்பது யார்? நாங்கள் தென்னை ஈர்க்கில் வைத்துக் குத்துவோம். பிறகு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி திறந்த வாய்க்கால் வைத்துத் தரச் சொல்லிக் கேட்டோம், அடைத்தால் கையாலேயே வழித்துவிடலாம். புதுத் திட்டம் போடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் முதலிலேயே அப்படி வைத்துவிடுங்கள், ராத்திரி ஷிப்டில் ஈர்க்கில் தேட முடியாது.