பச்சைத் துணிக்கு முன்னால் வாசித்து, அந்தப் பச்சையை மென்பொருளில் நீக்கி, வேறு பின்னணிப் படத்தின் மேல் வீடியோவை ஒட்டியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மஞ்சக்குப்பம் பாட்டு

அப்பா மிருதங்கம், நான் பாட்டு, தம்பி வயலின். தம்பி இருப்பது புதுச்சேரியில். ஐந்தரைக் கட்டைச் சுருதியில் நான் முதலில் பாடி அனுப்பினேன். அதைக் காதில் மாட்டிக்கொண்டு அவரவர் வீட்டில் வாசித்தார்கள். பின்னணிக்குப் பாடலீஸ்வரர் கோயில் கோபுரம். துணி, வெளிச்சம் எல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை, அதை விடுங்கள்.

ஒட்டி முடித்துப் பார்த்தால் அப்பா என்னைப் பார்க்கவில்லை. அனுபல்லவி முடிகிற இடத்தில் பாடுகிறவர் பக்கம் திரும்பி ஒரு சின்னச் சிரிப்புச் சிரிப்பார், எப்போதும் உள்ள வழக்கம். அந்தச் சிரிப்பு படத்துக்கு வெளியே எங்கேயோ போகிறது. சரி என்று அவரை மட்டும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாகத் திருப்பிப் போட்டேன். இப்போது என்னைப் பார்த்தார். சந்தோஷமாக வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்களுக்கு அனுப்பிவிட்டேன். பெரியப்பாவிடமிருந்து உடனே பதில்: "உங்கப்பன் எப்பலேர்ந்து இடதுகைக்காரன் ஆனான்?" வலது கையால் வாசிக்க வேண்டிய வலந்தலையை, மிருதங்கத்தின் வலப்பக்க முகத்தை, இடது கையால் வாசித்துக்கொண்டிருக்கிறார் அப்பா!

அப்பா கோபப்படவில்லை. "நான் சரியாத்தாம்மா உட்கார்ந்தேன்" என்றார், அவ்வளவுதான். மிருதங்கக்காரர் பாடுகிறவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்தால்தான் வலந்தலை சபையைப் பார்க்கும். அது எனக்கும் தெரியும். கோபுரம் மறைகிறதே என்று நான்தான் ஒட்டும்போது அவரை என் இடப்பக்கம் தள்ளியிருந்தேன். யாருமில்லாத அறையில், நான் எங்கே இருப்பேன் என்று கணக்குப் பண்ணி அந்தப் பக்கம் சிரித்திருக்கிறார் மனுஷர். இன்னும் திருத்தவில்லை. திறந்து பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

லாஸ்பேட்டை கீபோர்டு

எங்கள் வீட்டில் அத்தை வீணை. மயில்கழுத்துப் பட்டுப் புடவை. மீதியை நீங்களே ஊகித்திருப்பீர்கள். தலை, இரண்டு கை, வீணை, அத்தையின் வயிறு இருக்க வேண்டிய இடத்தில் கடற்கரைச் சாலை காந்தி சிலை. வீடே உருண்டு புரண்டு சிரித்தது, அத்தையும் சிரித்தார். மறுநாள் அரக்குப் புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். எல்லா ஸ்வரமும் சரி, ஆனால் முதல் நாள் வந்த அந்தக் கமகம், ஸ்வரத்தை அசைத்து இழைக்கிற அழகு, வரவில்லை. மூன்று தடவை எடுத்தோம். அப்புறம் "போதும்டா" என்று எழுந்துவிட்டார்.

முத்தியால்பேட்டை சவுண்ட்

முதலில் எழுதிய அம்மாவுக்கு: வெளிச்சம் பிரச்சினையே இல்லை என்கிறீர்கள், பிரச்சினையே அதுதான். நான் தம்புரா வாசித்த வீடியோவில் நான்கு தந்தியும் காணாமல் போய் மரத்தை வருடிக்கொண்டிருந்தேன், என் கதை அவ்வளவுதான். இனி செய்கிறவர்கள் கவனிக்க. பளபளக்கிற சாட்டின் வேண்டாம், பருத்தித் துணி வாங்கி இஸ்திரி போடுங்கள், சுருக்கம் நிழலாக விழும். துணியிலிருந்து 5, 6 அடி தள்ளி உட்காருங்கள், ஒட்டி உட்கார்ந்தால் கன்னத்திலும் வெள்ளை வேட்டியிலும் பச்சை அடிக்கும். துணிக்குத் தனி விளக்கு, ஆளுக்குத் தனி விளக்கு. போனில் எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), வெள்ளைச் சமன் (ஒயிட் பேலன்ஸ்) இரண்டையும் தானாக மாறாதபடி பூட்டிவிடுங்கள், இல்லையென்றால் கை அசைகிறபோதெல்லாம் பச்சை நிறம் மாறும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் ஷட்டர் வேகம் 1/50 அல்லது 1/100 நொடி, இல்லாவிட்டால் சில விளக்குகளில் பட்டை பட்டையாக ஓடும். பச்சைப் புடவைதான் கட்டுவேன் என்றால் நீலத் துணி போடுங்கள், பச்சைக்கு ஈடாக வரும்.

கடலூர் ஓ.டி.

ஈடாக வராது. பெரும்பாலான கேமரா சென்சாரில் பாதிப் புள்ளிகள் பச்சைக்கு, சிவப்புக்கும் நீலத்துக்கும் கால் கால்தான். நீலத்துக்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும், போனில் ஆளின் ஓரமெல்லாம் நொறுங்கும். உங்கள் தந்தி போனதும் துணியால் அல்ல, அவ்வளவு மெல்லிய பொருளின் நிற விவரத்தைப் போன் பிடிப்பதில்லை.

என் கதை கஞ்சிரா, ஒரு கையில் பிடித்து மறு கையால் தட்டுகிற சின்னத் தோல்வாத்தியம். ஆரம்பத்தில் கை தட்டி, அதை அடையாளமாக வைத்துத் தனியே பதிந்த ஒலியையும் படத்தையும் சேர்த்தேன், கச்சிதம். நான்காவது நிமிஷம் தீர்மானம், அதாவது முடிக்கிற தாளக் கோவை. கடைசி அடிக்கு என் கை இறங்குகிறது, சத்தம் இல்லை. கையை எடுத்துத் துடையில் வைத்த பிறகு "தாம்" என்கிறது. போன் ஒரே வேகத்தில் ஃபிரேம் எடுக்காது என்று அன்றுதான் தெரிந்தது. வீடியோவை நொடிக்கு நிலையான 30 ஃபிரேமுக்கு மாற்றிவிட்டு ஒட்டியிருக்க வேண்டும். அதற்குள் முப்பது பேர் பார்த்துவிட்டார்கள்.

முத்தியால்பேட்டை சவுண்ட்

நீலத்தில் நானே எடுத்திருக்கிறேன் சார். நன்றாகத்தான் வந்தது.

மஞ்சக்குப்பம் பாட்டு

துணியைப் பற்றி நான் கேட்கவே இல்லையே. இருக்கட்டும், குறித்துக்கொண்டேன்.

நேற்று ராத்திரி திறந்து, அப்பாவைப் பழையபடி திருப்பி என் வலப்பக்கம் வைத்துவிட்டேன். கோபுரம் பாதி மறைகிறது. அப்பாவிடம் காட்டினேன். முழுக்கப் பார்த்துவிட்டு, "அனுபல்லவியில நீ ஏம்மா கண்ணை மூடிக்கிட்ட?" என்கிறார்.