டெல்லி ஆர்.கே.புரம் தமிழ்க் குடும்பங்கள்: சனிக்கிழமைப் படம்

ரவி: சனிக்கிழமை எங்கள் மொட்டை மாடியில் படம். போன தடவை பேய்ப் படம் போட்டுத் திட்டு வாங்கினேன், இந்த முறை உளவாளி சிரிப்புப் படம், ஆள் மாறாட்டக் கதையாக வேண்டும். சொல்லுங்கள்.

சுதா: மைக்கேல் மதன காமராஜன்!!

ரவி: அதில் உளவாளி எங்கே அக்கா, நாலு கமல்தான் இருக்கிறார்.

கணேசன்: 1972ல் வந்த பிரெஞ்சுப் படம் ஒன்று உண்டு தம்பி, ஈவ் ரொபேர் எடுத்தது, பியர் ரிஷார் நடித்தது. உளவுத்துறைத் தலைவருக்குத் தன் நாற்காலிக்கு அடிபோடும் உதவியாளன்மேல் கடுப்பு, அவனை ஏமாற்ற ஏர்போர்ட்டில் போகிற வருகிற யாரோ ஒருவனைப் பெரிய உளவாளி என்று நம்ப வைக்கிறார். மாட்டியவன் வயலின் வாசிப்பவன். ஒரு காலில் கறுப்பு ஷூ, இன்னொன்றில் பிரவுன், அதைப் பார்த்துத்தான் பிடித்தார்கள்!

அருண்: டாம் ஹாங்ஸ் படம்தானே சார்? சிவப்பு ஷூ?

கணேசன்: அது 1985ல் ஹாலிவுட் எடுத்த ரீமேக். மூலத்தைப் பார், அப்புறம் பேசு.

ஜெயா: என் ஓட்டு ஹிட்ச்காக்கின் நார்த் பை நார்த்வெஸ்ட், 1959. ஹோட்டலில் பையன் கப்லன் கப்லன் என்று கூப்பிட்டுக்கொண்டு வருவான், சரியாக அந்த நேரம் பார்த்து அம்மாவுக்குத் தந்தி கொடுக்க கேரி கிராண்ட் கையைத் தூக்குவார், முடிந்தது கதை. கொடுமை என்னவென்றால் கப்லன் என்று ஓர் ஆளே கிடையாது, உளவுத்துறை கட்டிவிட்ட பெயர். நான் அவன் இல்லை என்று இவர் கத்தக் கத்த எதிரி உளவாளிகளுக்குச் சந்தேகம் கூடிக்கொண்டே போகும்.

அருண்: பில் முர்ரே 1997ல் நடித்தது இதற்கு நேர் எதிர். லண்டனில் நிஜக் கொலைகாரன் முன்னால் நின்றாலும் எல்லாம் நாடகம் என்று நினைத்துக்கொண்டு ஜாலியாகத் திரிவார்.

ரவி: இதற்கெல்லாம் லண்டன் எதற்கு. போன மாதம் நம் குழுவில் ஓடியதே ஒரு படம், நீளக் கறுப்புப் பெட்டி 😂

சுதா: அதை விடேன்டா.

கணேசன்: விடக்கூடாது. அந்த மனிதர் என்ன செய்தார்? விடியற்காலை நாலரைக்குப் பெட்டியோடு கிளம்பினார், யாரிடமும் பேசவில்லை, அவ்வளவுதான். துப்பாக்கி, சிபிஐ, ராத்திரி போன் எல்லாம் நாம் எழுதியது. அந்தப் படங்களிலும் ஹீரோ பாட்டுக்குச் சும்மா இருப்பான், வேவு பார்க்கிறவன்தான் அவன் தும்மினாலும் அர்த்தம் தேடுவான். சிரிப்பே அங்கேதான்.

முத்துக்குமார்: வணக்கம். நானும் குழுவில்தான் இருக்கிறேன்.

சுதா: ஐயோ

முத்துக்குமார்: பரவாயில்லை அக்கா. கேட்டில் தினமும் பெட்டியைத் திறக்கச் சொன்னது ஏன் என்று இப்போதுதான் புரிகிறது. நாதஸ்வரத்தை விட்டுவிட்டார்கள், அதில் வாய் வைத்து ஊதுகிற சீவாளியைக் கையில் எடுத்து இது என்ன தோட்டா என்று இந்தியில் கேட்டார்கள்.

ஜெயா: 😂😂😂

சுதா: தம்பி மன்னித்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை கட்டாயம் வர வேண்டும், சுண்டல் என் பொறுப்பு.

ரவி: அப்போது கறுப்பு ஷூ படமே. சப்டைட்டில் ஆங்கிலத்தில்தான் இருக்கும், பெரியவர்களுக்குக் கணேசன் சார் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிடுவார்.

முத்துக்குமார்: எட்டு மணிக்கு மேல் என்றால் வருகிறேன். மலை மந்திர் கோயிலில் வாசித்துவிட்டு நேரே பெட்டியோடுதான் வருவேன், கேட்டில் யாராவது சொல்லி வையுங்கள்.