மலையாள அரசியல் நையாண்டிப் படங்கள்: உங்களுக்கு நேர்ந்தவை

குழித்துறைக்காரன்:
‘சந்தேசம்’ பார்க்காதவர்கள் இங்கே வந்திருக்க மாட்டீர்கள் என்பதால் கதைக்குள் போகவில்லை; ஒரே வீட்டில் எதிரெதிர் கட்சியில் இருக்கும் அண்ணன் தம்பி படம் என்று மட்டும் சொல்கிறேன். எர்ணாகுளத்தில் வேலை பார்த்த காலம். உள்ளாட்சித் தேர்தல் முடிவு வந்த மறுநாள் காலை, டீக்கடை. தோற்ற கட்சியின் கிளைச் செயலாளர் பெஞ்சில் உட்கார்ந்து, எந்தச் சாவடியில் எவ்வளவு ஓட்டு குறைந்தது என்று விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். தெளிவாகத்தான் சொன்னார். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், “அப்போள் அந்தர்தாரை சஜீவமாயிருந்நு, அல்லே சகாவே?” (அப்படியானால் உள்ளோட்டம் உயிரோடு இருந்தது, இல்லையா தோழரே?) என்றார். தேர்தல் தோல்விக்கு யாருக்கும் புரியாத வார்த்தைகளில் காரணம் சொல்லும் கட்சிக்காரராகப் படத்தில் வந்த சங்கராடியின் அதே இழுப்பு. கடையே குலுங்கியது. செயலாளரும் சிரித்தார். ஆனால் மடக்கிய மூன்று விரல்களையும் அவர் நிமிர்த்தவே இல்லை. நான்காவது சாவடிக் கணக்கு என்னவாக இருந்திருக்கும் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

பாலக்காட்டு மருமகள்:
எங்களுக்கு ‘பஞ்சவடிப்பாலம்’. 2019இல் கொச்சியில் பாலாரிவட்டம் மேம்பாலத்தைக் கட்டுமானக் கோளாறால் மூடினார்கள் அல்லவா, திறந்து மூன்று வருடம்கூட ஆகாத பாலம். உயர் நீதிமன்றமே அந்தப் படத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டது என்று தொலைக்காட்சியில் ஓடியது. வீட்டில் எல்லோரும் துச்சாசனக் குறுப்பாக வந்த பரத் கோபியைப் பற்றிப் பேசிச் சிரித்தோம். நன்றாக இருந்த பாலத்தை இடித்துவிட்டுத் தன் பெருமைக்காகப் புதிது கட்டிய பஞ்சாயத்துத் தலைவரை யாரால் மறக்க முடியும்? என் மாமனார் மட்டும் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலை தூக்காமல், “இடிந்த பாலத்தோடு செத்துப்போன காத்தவராயனை ஒருத்தரும் சொல்லவில்லையே” என்றார். ஸ்ரீனிவாசன் நடித்த அந்த ஊனமுற்றவர் படத்தில் இருந்ததே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வடகரை வாசி:
குழித்துறை நண்பரே, நீங்கள் சொன்னது நகைச்சுவை இல்லை. அந்தப் படம் செய்த கேடு அதுதான். கட்சிக்காரன் வாயைத் திறந்தாலே ஒரு வசனத்தை எறிந்து அடக்கிவிடலாம் என்று இரண்டு தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது. எங்கள் விடுதியில் ஒரு பையன் கட்டண உயர்வுக்கு எதிராகக் கையெழுத்து வாங்க அறை அறையாக வந்தான். எங்கள் அறையில் ஒருவன், “போலந்தைப் பற்றி ஓரட்சரம் மிண்டருது” (ஒரு எழுத்து பேசக்கூடாது) என்று, படத்தில் அண்ணன் தம்பியிடம் கத்தும் வசனத்தைச் சொல்லிக் கதவைச் சாத்தினான். கட்டணத்துக்கும் போலந்துக்கும் என்ன சம்பந்தம்? கதவுக்கு அடியில் அந்தப் பையனின் செருப்பு கொஞ்ச நேரம் தெரிந்துகொண்டே இருந்தது. கட்டண உயர்வு வந்தது, எல்லோரும் கட்டினோம்.

பாலக்காட்டு மருமகள்:
கதவைச் சாத்தியது உங்கள் நண்பர், சந்தேசத்தை எழுதிய ஸ்ரீனிவாசனோ இயக்கிய சத்யன் அந்திக்காடோ இல்லை. அனாதைப் பிணத்துக்காக இரண்டு கட்சியும் அடித்துக்கொள்ளும் காட்சியில் பொய் என்ன இருக்கிறது?

ரயில்வே ஓய்வு:
வளைகுடாவிலிருந்து வந்து பஸ் வாங்கியவன் தொழிற்சங்கத்தால் நொடிந்துபோகும் ‘வரவேல்பு’ பார்த்துவிட்டு நான் வெளியே வந்தபோது, பஸ் உரிமையாளர் ஒருவர் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அவ்வளவுதான் என் கதை. ஆனால் இளைஞர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் படங்களைத் துண்டு துண்டாகக் கைப்பேசியில் பார்க்காதீர்கள். முதலில் 1984இன் ‘பஞ்சவடிப்பாலம்’, பிறகு 1989இன் ‘வரவேல்பு’, அதன்பின் 1991இன் ‘சந்தேசம்’. இந்த வரிசை முக்கியம். முதலாவதில் ஊர் முழுக்கக் கள்ளத்தனம், இரண்டாவதில் தொழிற்சங்கம், மூன்றாவதில் வீட்டுக்குள்ளேயே கட்சி. பிறகு 2007இன் ‘அரபிக்கதா’ பாருங்கள். சந்தேசத்தில் கட்சிக்காரனைக் கேலி செய்த அதே ஸ்ரீனிவாசன், கியூபா முகுந்தன் என்ற கம்யூனிஸ்டாக வளைகுடாவுக்குப் போய் என்ன பாடு படுகிறார் என்று தெரியும். வடகரைத் தம்பி அவசியம் பார்க்க வேண்டும். இரவில் பார்க்காதீர்கள், தூக்கம் கெடும். தமிழ் எழுத்து வரிகளை நம்பாதீர்கள், மலையாளம் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், ஒரு மாதம் போதும்.

வடகரை வாசி:
சார், எனக்கு மலையாளம் படிக்கத் தெரியும். வடகரையில்தான் இருக்கிறேன்.

மலைச்சாரல்:
2022 ஆகஸ்டில் சாலைக் குழியை வைத்து எடுத்த ‘ன்னா தான் கேஸ் கொடு’ வெளியான அன்று, தியேட்டருக்கு வரும் வழியில் குழி உண்டு, ஆனாலும் வந்துவிடுங்கள் என்று பத்திரிகையில் விளம்பரம் வந்தது. அப்போது கேரளத்தில் ஆட்சியில் இருந்த இடதுசாரிகளின் ஆதரவாளர்கள் சமூக வலைத்தளங்களில் கொதித்தார்கள். எங்கள் அலுவலகத்தில் தீவிர ஆதரவாளரான சேட்டன் ஒருவர், படத்தைப் புறக்கணிக்கச் சொல்லி எல்லோருக்கும் செய்தி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை இடைவேளையில் பார்த்தால், பாப்கார்ன் வரிசையில் எனக்கு முன்னால் நிற்கிறார். என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, “எதிராளி என்ன சொல்கிறான் என்று தெரிய வேண்டாமா?” என்றார். பெரிய டப்பாவாக வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.