பழைய டிடிஆர்4 ரேமை வைத்துக்கொண்டு பி650 போர்டு வாங்கலாமா?

புதுக்கேமர்:

வணக்கம் நண்பர்களே, ஒரு குழப்பம். என்னிடம் இருப்பது 2019இல் அசெம்பிள் செய்த சிஸ்டம். ஐ5 9400எஃப் ப்ராசசர், எச்310 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ரேம் இரண்டு, ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டு. மானிட்டர் 1080பி, 144 ஹெர்ட்ஸ். வாலரண்ட் நன்றாகவே ஓடுகிறது, ஆனால் சைபர்பங்க் 2077 போட்டால் எல்லா செட்டிங்கையும் இறக்கிய பிறகும் திணறுகிறது. சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் கேட்டேன், பி650 போர்டும் ரைசன் 5 7600 ப்ராசசரும் போடுங்கள், ரேம் பழையதையே மாட்டிக்கொள்ளலாம் என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். கையில் மொத்தமே 50,000 ரூபாய்தான், அதுவும் ஒரு வருடம் சேர்த்தது. எந்த போர்டு வாங்கலாம்?

திருப்புளி:

முதலில் அந்தச் சீட்டை ஓரமாக வையுங்கள். பி650 என்பது ஏஎம்5 சாக்கெட் (ப்ராசசர் உட்காரும் இடம்) உள்ள போர்டு, அதில் டிடிஆர்5 மட்டும்தான். டிடிஆர்4 ரேமின் அடிப்பக்கத்தில் ஒரு வெட்டு இருக்கும் பாருங்கள், டிடிஆர்5இல் அது வேறு இடத்தில் இருக்கும், அதனால் ஸ்லாட்டில் இறங்கவே இறங்காது. அழுத்திப் பார்த்தால் ஸ்லாட்தான் உடையும். ஆக ரேமும் புதிதாக வாங்க வேண்டும், அதன் விலையோ இப்போது ஏறிக் கிடக்கிறது. போர்டு, ப்ராசசர், ரேம் மூன்றும் வாங்கியபின் கார்டுக்குக் காசு மிஞ்சாது. அப்புறம் அதே 1650ஐத்தான் புது போர்டில் மாட்டி அதே திணறலைப் பார்ப்பீர்கள்.

நீங்கள் கேட்க வேண்டியது எந்த போர்டு என்பதை அல்ல, போர்டை இப்போது மாற்ற வேண்டுமா என்பதை. சைபர்பங்குக்கு அவர்களே குறைந்தபட்சமாகக் கேட்பது 6 ஜிபி ஜிடிஎக்ஸ் 1060. உங்கள் 1650 4 ஜிபிதான். விளையாடும்போது கார்டின் வேலையைக் காட்டும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளைத் திரையின் மூலையில் ஓடவிட்டு, கார்டு எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்று பாருங்கள். 97, 99 என்றே நின்றால் முட்டுக்கட்டை கார்டுதான். கார்டு 60, 70இல் ஆட, ப்ராசசர் நூறைத் தொட்டால்தான் போர்டைப் பற்றிப் பேச வேண்டும்.

நைட்ஷிப்ட்:

திருப்புளி சொல்வதில் பாதிதான் எனக்குச் சம்மதம். 9400எஃப்பில் 6 கோர், 6 த்ரெட், அவ்வளவுதான். 2.0 அப்டேட்டுக்குப் பிறகு அந்த கேம் ப்ராசசரை நன்றாகவே பிழிகிறது, கூட்டமான தெருவுக்குள் வண்டியில் போனால் நொடிக்கு 60 ஃபிரேம் என்று காட்டினாலும் படம் வெட்டி வெட்டித்தான் வரும். கார்டை மட்டும் மாற்றினால் அந்த வெட்டு போகாது.

ரேமை வீணாக்காமல் போக ஒரு வழி இருக்கிறது: டிடிஆர்4 எடுக்கும் முந்தைய சாக்கெட்டான ஏஎம்4. பி550 போர்டு, ரைசன் 5 5600. உங்கள் ரேம் அப்படியே வேலை செய்யும். ரேமின் 2666 வேகம் ரைசனுக்குக் கொஞ்சம் மெதுவுதான், 3200 இருந்தால் நல்லது, ஆனால் இன்றைய விலையில் இருப்பதை ஓட்டுவதே புத்திசாலித்தனம். மிச்சம் பிடிக்க பி450 வேண்டாம், அதில் கார்டு மாட்டும் பிசிஐஇ ஸ்லாட் பழைய 3.0 தலைமுறைதான்.

திருப்புளி:

நல்ல யோசனை, 3.0 விஷயம் இவருடைய எச்310க்கும் பொருந்தும். ஆர்டிஎக்ஸ் 4060, 5060 இரண்டும் 8 லேன் (தரவு போகும் பாதை) கார்டுகள். பழைய போர்டில் அவற்றுக்கு வழி குறுகிவிடும், 8 ஜிபி மெமரி நிரம்பியதும் அது நன்றாகவே தெரியும். 16 லேன் உள்ள ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி அல்லது ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி இருந்தால் பழைய போர்டிலும் பிழைக்கும், நாளைக்கு புது போர்டுக்கும் கூடவே வரும். ஆகவே என் வரிசை: கார்டு இன்று, பி550உம் 5600உம் அடுத்த சம்பள உயர்வுக்கு.

கார்டு வாங்கும் முன் கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். 1650இல் பல மாடல்கள் ஸ்லாட்டிலிருந்தே 75 வாட் எடுத்து ஓடுபவை, தனி ஒயரே வேண்டாம். புது கார்டுக்கு 8 பின் பவர் ஒயர் வேண்டும். உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸில் (பவர் சப்ளை) அந்த ஒயர் இருக்கிறதா?

போர்டுப்பித்தன்:

ஏஎம்4 போகிறவருக்கு ஒரு சொல். அதில் பின்கள் ப்ராசசரின் அடியில் இருக்கும். காய்ந்த தெர்மல் பேஸ்டோடு கூலரை நேராக மேலே இழுத்தால் ப்ராசசரும் சாக்கெட்டை விட்டுக் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும். எனக்கு அப்படி வந்து மூலையில் நான்கு பின்கள் சாய்ந்தன, பிளேடு முனையால் ஒவ்வொன்றாக நிமிர்த்த ஒரு மணி நேரம் ஆனது. கேமை அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, கூலரை இடமும் வலமுமாகத் திருகித் தளர்த்தி எடுங்கள். பழைய ஸ்டாக் பி550 என்றால் பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) பழையதாக இருக்கலாம், 5600ஐ அடையாளம் தெரியாது. ப்ராசசர் இல்லாமலே பென் டிரைவில் அப்டேட் செய்கிற ஃப்ளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டாகப் பார்த்து வாங்குங்கள், அல்லது கடையிலேயே அப்டேட் செய்து தரச் சொல்லுங்கள். ரேம் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டாதீர்கள், ப்ராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்.

புதுக்கேமர்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி ஓட்டிப் பார்த்தேன், கார்டு 98க்குக் கீழே இறங்கவே இல்லை. ப்ராசசர் 80ஐச் சுற்றியே இருந்தது, சந்தைப் பக்கம் போனபோது மட்டும் 100 தொட்டது. நைட்ஷிப்ட் சொன்ன வெட்டு அங்கே லேசாகத் தெரிந்தது. தகட்டைக் கழற்றினேன், எஸ்எம்பிஎஸ் கேபினெட்டோடு வந்ததுதான், 8 பின் ஒயர் இல்லை. அதனால் நல்ல 650 வாட் ஒன்றும், 9060 எக்ஸ்டியும் இந்த மாதம். போர்டை மார்ச்சில் பார்க்கிறேன். முன்பக்க ஃபேனிலிருந்து பின்தகடு வரை ஸ்கேல் வைத்து அளந்தேன், 29 செ.மீ. இரண்டு ஃபேன் மாடலாகப் பார்த்தால் இடிக்காது இல்லையா?