நீர் மூலத்தின் சராசரி 1.8 என்றால் என்ன பொருள்?

கிளிநொச்சி மாணவி:
வணக்கம். இறுதியாண்டு ஆய்வுக்காகக் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்ட நெற்செய்கையாளரிடம் வினாக்கொத்துக் கொடுத்தேன். நீர் மூலத்துக்குக் குளம் 1, கிணறு 2, மானாவாரி 3 என்று இலக்கமிட்டேன். நீர்ப் பங்கீட்டில் திருப்தியை 1 முதல் 5 வரை கேட்டேன். விளைச்சலை ஏக்கருக்கு எத்தனை புசல் என்று எழுதினேன். கணினி மூன்றுக்கும் சராசரி தந்தது. மேற்பார்வையாளர் முதலாவதை (1.8) நீக்கவும், இரண்டாவதைப் பற்றி யோசிக்கவும் சொன்னார். ஏன் இந்த வேறுபாடு?

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்:
மகள், 1946இல் எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் என்ற உளவியலாளர் அளவுத்திட்டங்களைப் பெயர், வரிசை, ஆயிடை, விகிதம் என நான்காக வகுத்தார். அந்தப் பெயர்களை மனனம் செய்வதைவிட, பொருள் மாறாமல் இலக்கத்தை மட்டும் மாற்றி, உங்கள் முடிவு நிலைக்கிறதா என்று பார்ப்பதே சிறந்த வழி. மானாவாரிக்கு 1, குளத்துக்கு 3 என்று மாற்றினால் உங்கள் 1.8 உடனே 2.2 ஆகிவிடும், வயலிலோ எதுவும் மாறவில்லை. ஆகவே பெயர் சார்ந்த அந்தத் தரவில் எண்ணிக்கையும் ஆகாரமும் (அதிகம் பேர் சொன்ன விடையும்) மட்டுமே பேசத்தக்கவை.

திருப்தி வரிசை சார்ந்தது. ஓர் ஊரில் மூவரும் 3 என்றும், மற்ற ஊரில் மூவர் 1, 2, 5 என்றும் சொன்னார்கள் என வையுங்கள். முதலாம் ஊரின் சராசரி 3, இரண்டாவதன் சராசரி 2.67. வரிசை குலையாமல் 5ஐ 10 ஆக்கினால் இரண்டாம் ஊர் 4.33 பெற்று முந்திவிடும். இடையமோ (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் விடை) இரு முறையிலும் 3, 2 என்றே நிற்கும். விளைச்சல் விகிதம் சார்ந்தது, அதில் இந்தச் சிக்கல் இல்லை. புசலைக் கிலோவாக மாற்றினாலும் இருமடங்கு இருமடங்காகவே இருக்கும்.

வவுனியா ஆய்வாளர்:
ஆசிரியர் சொன்னது சரியே. ஆயினும் வரிசைத் தரவில் சராசரி எடுப்பது முற்றாகத் தவறு என்று எல்லோரும் ஏற்பதில்லை. எண்களுக்குத் தாம் எங்கிருந்து வந்தோம் என்பது தெரியாது என்று, அதாவது கணக்கிடுவதற்கு அது தடையில்லை என்று, உளவியல் அளவீட்டாளர் பிரெடெரிக் லோர்ட் 1953இலேயே வாதிட்டார். ஒரே விடயத்தைப் பற்றிய பல வினாக்களின் புள்ளிகளைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகைக்குச் சராசரி காண்பவர்கள் பலர். உங்களிடம் இருப்பது ஒரேயொரு வினா என்பதால், இடையத்தையும் ஒவ்வொரு விடைக்குமான சதவீதத்தையும் எழுதுங்கள்.

நீர்ப்பாசன வேலை செய்தவர்:
குளத்து நீர்மட்டத்தையும் சேர்ப்பதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். அளவுகோலின் பூச்சியம் பொதுவாகத் துருசின் (நீரைத் திறந்துவிடும் மதகின்) அடிமட்டத்தில் இருக்கும். அதற்குக் கீழும் நீர் நிற்கும். எனவே 20 அடி என்பது 10 அடியின் இருமடங்கு ஆழம் ஆகாது, 30 பாகை செல்சியஸ் 15 பாகையின் இருமடங்கு வெப்பம் ஆகாததைப் போல. இது ஆயிடை சார்ந்தது, ஏற்ற இறக்கத்தை அடிக்கணக்கில் ஒப்பிடலாம். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று கணக்கிட வேண்டுமானால், குளம் மேலே செல்லச் செல்ல அகன்று விரிவதால், ஏக்கர் அடியில் (ஓர் ஏக்கர் பரப்பில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் நீர்) தரப்படும் கொள்ளளவையே எடுங்கள்.