தொடை எலும்பு மாடலுக்கு நானோ அளவு வரை இறங்க வேண்டுமா?

மெஷ்மாணவன்:
பக்கவாட்டில் விழுந்தால் தொடை எலும்பின் மேல்முனை முறியுமா என்று சிடி ஸ்கேனை வைத்துக் கணிக்க ஒரு ஃபைனைட் எலிமென்ட் மாடல் (எலும்பைச் சிறு துண்டுகளின் வலையாக, அதாவது மெஷ்ஷாகப் பிரித்துக் கணக்கிடும் கணினி மாடல்) செய்துகொண்டிருக்கிறேன். எலும்பைப் பற்றிப் படிக்கப் படிக்கத் தலை சுற்றுகிறது. அடியில் 300 நானோமீட்டர் நீளக் கொலாஜன் புரதம், அதன் இடுக்குகளில் சில நானோமீட்டர் தடிமனில் கனிமப் படிகம், அப்புறம் சில மைக்ரான் அடுக்குகள், அதற்கும் மேலே சுமார் 0.2 மிமீ விட்டத்தில் ஆஸ்டியான் என்ற உருளைகள். இதெல்லாம் மாடலுக்குள் வந்தாக வேண்டுமா? என் ஸ்கேனின் வாக்ஸலே (முப்பரிமாணப் படப்புள்ளி) 0.6 மிமீ.

சல்லடை:
வராது, வரவும் வேண்டாம். வெளி ஓட்டுக்கு உள்ளே இருக்கும் பஞ்செலும்பின் ஒரு தண்டு 0.1 முதல் 0.2 மிமீ தடிமன்தான், உங்கள் வாக்ஸல் அதை விழுங்கிவிடும். வழக்கமாகச் செய்வது, மைக்ரோ சிடி எடுத்த 5 மிமீ கனசதுரத்தைத் தனியாக அழுத்தி, இழுத்து, முறுக்கிப் பார்த்து, வரும் விறைப்பைப் பெரிய மாடலுக்குச் சராசரிப் பொருளாகக் கொடுப்பது. வெளி ஓட்டை ஒட்டிய இடத்தில் மட்டும் இந்தச் சராசரி காலை வாரும்.

பழைய_கை:
மேலே சொன்னது சரி, ஆனால் சராசரி என்றதும் அடர்த்தியை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே அடர்த்தியுள்ள இரண்டு துண்டுகளில் தண்டுகள் ஓடும் திசை வேறானால் விறைப்பும் வேறு. இன்னொன்று, ஆய்வாளர்கள் கார்ட்டர், ஹேஸ் இருவரும் 1977-இல் சொன்னபடி விறைப்பு அடர்த்தியின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது என்று வைத்தால், அடர்த்தியில் 10% பிழை விறைப்பில் 33% ஆகிவிடும். நான் ஒருமுறை ஃபான்டம் (அளவு சரிபார்க்கக் கூடவே ஸ்கேன் செய்யும், அடர்த்தி தெரிந்த துண்டு) இல்லாத ஸ்கேனை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் மெஷ்ஷைத் திட்டிக்கொண்டிருந்தேன், மெஷ் பாவம், தப்பு, சிடி தரும் ஹவுன்ஸ்ஃபீல்ட் எண்ணை அடர்த்தியாக மாற்றிய வரியில் இருந்தது.

வார்டு_டாக்டர்:
நோயாளியைப் பார்க்கிறவளாகச் சொல்கிறேன். எலும்பு அடர்த்திப் பரிசோதனையில் வரும் டி-ஸ்கோர், எலும்புப்புரைக்கான எல்லையான -2.5-க்குக் கீழே போகாதவர்களுக்கும் எலும்பு முறிகிறது, உங்கள் மாடல்மேல் எனக்கு ஆசை வருவதே அதனால்தான். எத்தனை நியூட்டனில், எந்தத் திசையில் விழுந்தால் முறியும், அந்த எண் எவ்வளவு முன்பின் இருக்கும், இந்த மூன்றும் போதும். நின்றபடி வரும் சுமையில் தாங்குகிற எலும்பு பக்கவாட்டு அடியில் தாங்காது. ஆனால் எலும்புப்புரைக்கான பிஸ்பாஸ்போனேட் மருந்தை வருடக்கணக்கில் சாப்பிட்டவருக்கு அரிதாகத் தொடையின் நடுத்தண்டு முறியும்போது, அடர்த்தி எண்ணைப் பார்த்து ஒன்றும் புரியாது. அந்தக் கேள்விக்கு நுண்விரிசல், எலும்பு தன்னைப் புதுப்பிக்கும் வேகம் என்று கீழே இறங்கித்தான் ஆக வேண்டும்.

மெஷ்மாணவன்:
நன்றி. ஃபான்டம் ஸ்கேனில் இருந்திருக்கிறது! கோப்பு பெரிதாக இருக்கிறதென்று எலும்பைச் சுற்றி வெட்டியபோது அதையும் சேர்த்து வெட்டிவிட்டேன். அசல் கோப்பை மறுபடி இறக்கிக்கொண்டிருக்கிறேன்.