காந்த நானோ துகளில் ஆன்டிபாடி ஒட்ட மாட்டேன் என்கிறது

ஆய்வக எலி:
மூன்று வாரமாக ஒரே தலைவலி. கார்பாக்சில் பூச்சு உள்ள 200 நானோமீட்டர் இரும்பு ஆக்சைடு துகள். எம்இஎஸ் பஃபரில் (பிஹெச் மாறாமல் வைக்கும் கரைசல்), பிஹெச் 5.5-இல், கார்பாக்சிலை புரதத்தோடு இணையக்கூடிய எஸ்டராக மாற்றும் இடிசியும் என்ஹெச்எஸ்ஸும் போட்டு 15 நிமிடம் வைத்து, காந்தத்தில் இழுத்துக் கழுவி, ஆன்டிபாடியை (எதிர்ப்புப் புரதம்) விட்டு ராத்திரி முழுக்கச் சுழல விடுகிறேன். காலையில் பார்த்தால் ட்யூபின் அடியில் காப்பி வண்டல் மாதிரி கட்டி தட்டிக் கிடக்கிறது. மேலே தெளிந்த திரவத்தை பிசிஏ முறையில் (நிற மாற்றத்தை வைத்துப் புரதத்தை அளப்பது) அளந்தால், போட்ட புரதம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. எங்கே தப்பு?

பழைய பிப்பெட்:
ஆன்டிபாடி எந்த பஃபரில் வந்தது, அதை முதலில் பாருங்கள். ட்ரிஸ் என்றால் கதை அங்கேயே முடிந்தது, ஏனென்றால் ட்ரிஸிலும் அமீன் (எஸ்டரோடு வினைபுரியும் நைட்ரஜன் தொகுதி) இருக்கிறது, ஆன்டிபாடியில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தின் அமீனுக்குப் போக வேண்டிய இடத்தை அதுவே பிடித்துக்கொள்ளும். 20 மில்லிமோலார் ட்ரிஸில் மில்லிக்கு 1 மில்லிகிராம் ஐஜிஜி (வழக்கமான ஆன்டிபாடி வகை) என்றால் ஒரு ஆன்டிபாடிக்கு 3000 ட்ரிஸ் மூலக்கூறு. யார் ஜெயிப்பார்?

ஆய்வக எலி:
லேபிள் பார்த்தேன். ட்ரிஸ்தான். கூடவே 0.1 சதவீதம் பிஎஸ்ஏ (மாட்டு ரத்த அல்புமின்). வயிற்றெரிச்சல். டயாலிசிஸ் (சிறு மூலக்கூறுகளை மட்டும் சவ்வு வழியே வெளியேற்றுவது) செய்தால் சரியாகுமா?

துகள் பிரியை:
ட்ரிஸ் போய்விடும், பிஎஸ்ஏ போகாது. அதுவும் புரதம்தான், அதிலும் லைசின் நிறைய, அதனால் துகளில் ஆன்டிபாடிக்குப் போட்டியாக ஒட்டும். பிஎஸ்ஏ இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் ஆன்டிபாடியைப் பிடித்துக்கொள்ளும் புரோட்டீன் ஜி நிரப்பிய குழாயில் (column) பிரித்தெடுத்து பிஹெச் 7.4 பாஸ்பேட்டுக்கு மாற்றுங்கள். உங்கள் பிசிஏ அளவையும் நம்பாதீர்கள். அந்தப் புரதத்தில் பிஎஸ்ஏவும் சேர்ந்திருக்கிறது, போதாததற்கு சரியாகக் கழுவாமல் மிஞ்சிய என்ஹெச்எஸ்ஸும் நிறம் காட்டும்.

கட்டி தட்டுவது தனிப் பிரச்சினை. துகள்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் தள்ளி வைப்பது கார்பாக்சிலின் எதிர்மின்னூட்டம், நீங்கள் எஸ்டராக்கினால் அதுதானே போகிறது! இடிசியைக் குறைத்துப் பாருங்கள், கழுவும் பஃபரில் 0.05 சதவீதம் ட்வீன் 20 (சோப்பு போன்ற பொருள்) சேருங்கள். காந்தத்தில் இழுத்ததும் அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள் (நான் போயிருக்கிறேன்), உடனே சோனிகேட்டர் (மீயொலியால் அதிர வைக்கும் கருவி) தொட்டியில் சில விநாடி வைத்துக் கலக்கி ஆன்டிபாடியை ஊற்றுங்கள், தாமதித்தால் எஸ்டரும் தண்ணீரில் சிதைந்துகொண்டே இருக்கும்.

பழைய பிப்பெட்:
இடிசி பாட்டிலையும் பாருங்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்த சூட்டோடு, சரி, குளிரோடு, திறந்தால் ஈரம் இழுத்துக் கெட்டுவிடும். அறை வெப்பநிலைக்கு வந்த பிறகு திறக்க வேண்டும்.

ஆய்வக எலி:
அந்தப் பாட்டிலில் பொடி ஏற்கெனவே கல்கண்டு மாதிரி இறுகிக் கிடக்கிறது. புதுசு ஆர்டர் போட்டுவிட்டேன்.